சுவரில் ஒட்டிய அந்த அட்டவணையைக் கழற்றுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மாவுக்கும், பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா எழுதுகிறேன். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் இதுவரை கொடுத்துவந்த கூடுதல் அரைமணி நேரம் இனிக் கிடையாது, எல்லோருக்கும் ஒரே நியாயம் என்பது ஒன்று. வாராவாரம் ஒரு நிமிட வாசிப்புச் சோதனை வைத்து, யார் எத்தனை சொல் வாசித்தார்கள் என்று பெயர் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டுவது இன்னொன்று. கடைசி ஐந்து பெயர்கள் சிவப்பு மையில். அந்த ஐந்து பேரும் பள்ளி விட்டபிறகு உட்கார்ந்து அதே பாடத்தைப் பத்து தடவை பார்த்து எழுதவேண்டும்.

முந்தாநாள் அந்த அட்டவணையை நான் பார்த்தேன். என் மகள் பெயர் கடைசி வரியில் சிவப்பில் இருந்தது, பக்கத்தில் 23 என்று போட்டிருந்தது. அவள் எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போலாம்பா" என்றாள்.

அவளுக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறது. இது நான் இப்போது புதிதாகச் சொல்லும் சாக்கு இல்லை. சிறப்புக் கல்வியாளர் சோதித்துக் கொடுத்த அறிக்கை போன வருஷத்திலிருந்து உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது, நானே கொண்டுவந்து கொடுத்தேன். அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம், அதற்குப் பிறகும் பெற்றோர் கூட்டத்தில் எனக்குச் சொல்லப்பட்டது இதுதான்: "நல்லாப் பேசுறா, கேட்டா டக்குனு பதில் சொல்றா, வாசிக்கச் சொன்னா மட்டும் நடிக்கிறா."

டீச்சர் சொன்னதில் முதல் இரண்டும் உண்மை. அந்த இரண்டும் உண்மையாக இருப்பதால்தான் மூன்றாவது நடிப்பாகத் தெரிகிறது. டிஸ்லெக்சியா இருக்கும் பிள்ளை பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். பேச்சு, புத்தி, கேட்டுப் புரிந்துகொள்வது எல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும், அச்சடித்த எழுத்தை ஒலியாக மாற்றுகிற இடத்தில் மட்டும் வண்டி சிக்கிக்கொள்ளும்.

இதெல்லாம் இப்போது கிளம்பிய புது நோய் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். புதுசு இல்லை ஐயா. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். நல்ல புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பு, கண்பார்வையில் ஒரு குறையும் இல்லை. 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கிவிடுவான். ஆனால் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் மிகச் சின்னச் சொற்களைத் தாண்டி வாசிக்க முடியவில்லை, தன் பெயரையே இரண்டு எழுத்தை இடம் மாற்றித்தான் எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதை மார்கன் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்த வாத்தியார் பையனைக் கவனித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

சிறப்புக் கல்வியாளர் என் மகளைச் சோதித்த அன்று நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுத்தே இல்லாத சோதனை, வெறும் பேச்சு. "பட்டம் என்று சொல்லு," என்றார். சொன்னாள். "இப்போது 'ப'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'க' போடு, என்ன வரும்?" என்றார். அவள் யோசித்தாள். உதடு அசைந்தது. மறுபடியும் "பட்டம்" என்றாள். அவர் பொறுமையாக இன்னொரு தடவை கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, "காத்தாடி?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை, அவர் எதையோ குறித்துக்கொண்டார். அப்புறம் எனக்கு விளக்கினார். அந்தச் சொல்லின் பொருள் அவள் கையில் பத்திரமாக இருக்கிறது, அதனால்தான் அதே பொருளில் இன்னொரு சொல்லை எடுத்துக் கொடுக்க முடிந்தது. ஆனால் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை உருவி, வேறொன்றைச் செருகுவது அவளுக்கு ஆகவில்லை. வாசிப்பதற்கு அடிப்படையே அந்த வேலைதான். பெரும்பாலான டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்குக் கோளாறு இந்த இடத்தில்தான், கண்ணில் இல்லை. எழுத்து தலைகீழாகத் தெரியும், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரியும் என்பதெல்லாம் பழைய கதை. எழுத்துகளைத் திருப்பிப் போடுவது வாசிக்கப் பழகுகிற சின்னப் பிள்ளைகள் பலரும் செய்வதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பள்ளியின் பரிந்துரையில் நான் அவளை ஆறு மாதம் கண் பயிற்சிக்கு அழைத்துப் போனேன், வண்ணக் கண்ணாடி வாங்கிப் போட்டேன். இவை டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2009லேயே அறிவித்துவிட்டன. தெரியாமல் சொல்லியிருப்பீர்கள், அதை விடுங்கள். ஆனால் அந்த ஆறு மாதம் அவளுக்குத் திரும்பக் கிடைக்காது.

இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்பீர்கள். பெற்ற எனக்கே தெரியவில்லையே. இரண்டாம் வகுப்பு முடியும்வரை தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டுவாள், விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே. நாங்களும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒரு நாள் ராத்திரி இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டுவிட்டது. அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனாள், விரலும் நகர்ந்தது. கண்ணுக்கு எதிரே இருந்த பக்கத்தை வாசிக்கவில்லை, உள்ளே மறைந்திருந்த பக்கத்தை வாசித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. டீச்சர் வகுப்பில் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்திருந்தாள். அந்த வயதில் அத்தனை உழைப்பு, எதற்கு, வாசிக்கத் தெரியாது என்பதை மறைக்க.

பெண் பிள்ளைகள் இப்படிச் சத்தம் போடாமல் சமாளித்துவிடுவார்கள் என்பதும் புதிய செய்தி இல்லை. 1990இல் சாலி ஷேவிட்ஸ் என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பிள்ளைகளைச் சோதித்து ஒப்பிட்டுப் பார்த்தது. பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் பையன்கள்தான் மிக அதிகம், ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே சோதித்தபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிற்பாடு வந்த ஆய்வுகள் பையன்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்று சொல்கின்றன, ஆனால் பள்ளிகள் காட்டிய அந்த அளவுக்கு வித்தியாசம் இல்லை. வகுப்பில் கலாட்டா செய்கிற பையனை டீச்சர் அனுப்பிவிடுகிறார், கடைசி பெஞ்சில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் பெண் அப்படியே விட்டுப்போகிறாள். உங்கள் சிவப்புப் பெயர்கள் ஐந்தில் மூன்று பெண் பிள்ளைகள். என் மகளைத் தவிர மற்ற இரண்டு பெண்களையும் யாராவது ஒரு தடவையாவது சோதித்திருக்கிறார்களா?

இப்போது அந்த அட்டவணைக்கு வருகிறேன், என் கோபம் முழுக்க அதன்மேல்தான்.

ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு, அதனால் அங்கே டிஸ்லெக்சியா பிழையாகக் கொட்டும். தமிழில் எழுத்துக்கூட்டினால் பெரும்பாலும் சரியான ஒலி வந்துவிடும். 247 எழுத்து இருந்தாலும் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதனால் நம் பிள்ளைகள் எப்படியோ தட்டுத் தடுமாறிப் பெரும்பாலும் சரியாகவே வாசித்துவிடுவார்கள், ஆனால் நேரம் பிடிக்கும். இத்தாலிய மொழியும் இப்படி ஒழுங்கான எழுத்துமுறை உள்ளதுதான். 2001இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று மொழிக்காரர்களில் டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். இத்தாலியர் மற்ற இரண்டு கூட்டத்தைவிட நன்றாக வாசித்தார்கள். ஆனால் வாசிக்கும்போது மூளையின் இடது பக்கத்தில் வேலை குறைவாக நடந்த இடம் மூன்று கூட்டத்துக்கும் ஒன்றுதான். மொழி மாறினால் வெளியே தெரிகிற விதம்தான் மாறுகிறது.

ஆக தமிழ் மாதிரி மொழியில் இந்தக் குறைபாட்டின் முக்கிய அடையாளமே வேகக் குறைவுதான். நீங்கள் வாராவாரம் நிறுத்துக் கடிகாரம் வைத்து அளப்பது அதைத்தான். அளப்பதோடு நிறுத்தியிருந்தால் உங்களைக் கும்பிட்டிருப்பேன், ஏனென்றால் யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி. நீங்கள் அளந்து, பெயர் போட்டு, சிவப்படித்து, சுவரில் ஒட்டி, தண்டனையும் கொடுக்கிறீர்கள்.

தமிழ் எழுத்தில் இவர்கள் எங்கே சிக்குகிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'கொ' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் துணைக்கால். ஆனால் வாய் முதலில் சொல்லவேண்டியது நடுவில் இருக்கிற 'க'வின் ஒலியை, பிறகு முன்னாலும் பின்னாலும் இருக்கும் இரண்டையும் சேர்த்து ஓர் உயிரொலி ஆக்கவேண்டும். நமக்கு இது எப்போது பழகியது என்றே நினைவில்லை. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுக் கணக்கு. குறில் நெடிலுக்கும் இதே கதிதான், கொம்பில் ஒரு சுழி கூடுதலா இல்லையா என்பதில் பொருளே மாறிவிடும்.

போன பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வது உங்கள் பள்ளி வழக்கம். அவள் என்ன செய்வாள் என்றால், தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பாடம் ஒன்றும் காதில் ஏறாது. அன்றைக்கு வரிசையில் ஒரு பையன் வரவில்லை, அதைக் கவனிக்காமல் அவனையும் சேர்த்து எண்ணிவிட்டாள். அவள் தயார் செய்யாத பத்தி வந்தது. 'பொய் சொல்லாதே' என்று இருந்ததை 'போய் சொல்லாதே' என்று வாசித்தாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், வேண்டுமென்று இல்லை, வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு மாதம் அவளுக்கு வகுப்பில் அதுதான் பெயர். வீட்டில் அவள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும்.

பத்து தடவை பார்த்து எழுதும் தண்டனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்த்து எழுதுவதற்கு வாசிக்கத் தெரியவேண்டியதே இல்லை, அவள் எழுத்துகளை வரைகிறாள். போன வெள்ளிக்கிழமை எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. முதல் தடவை 'மழை' என்பதை 'மலை' என்று எழுதிவிட்டாள். அடுத்த தடவை எழுதும்போது புத்தகத்தைப் பார்க்கவில்லை, மேலே தான் எழுதியதைப் பார்த்தாள், அதுதானே கிட்டத்தில் இருக்கிறது. மீதி ஒன்பது தடவையும் 'மலை'தான். கீழே டீச்சரின் சரி குறியும் தேதியும். ஒரு பிழையைப் பத்து தடவை எழுதி உறுதியாக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு நான் அன்று ராத்திரி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, கூடுதல் நேரம். எல்லோருக்கும் ஒரே நியாயம் என்கிறீர்கள். காலாண்டு அறிவியல் பரீட்சையில், கூடுதல் நேரம் இருந்தும், அவளுக்கு 50க்கு 24. தாளை வாங்கிப் பார்த்தேன், எழுதியதில் தப்பு இரண்டே இரண்டு கேள்விதான், பாக்கி வெறும் தாள். அங்கேவரை அவள் போய்ச் சேரவே இல்லை. அதே கேள்வித்தாளை வீட்டில் என் மனைவி வாசிக்க, அவள் வாயால் பதில் சொன்னாள், டீச்சர் போட்ட அளவுகோலை வைத்தே நாங்கள் மதிப்பெண் போட்டோம், 43 வந்தது. விட்டுக்கொடுக்காமல்தான் போட்டோம். இனி அந்த அரைமணியையும் எடுத்தால் 24 என்பது 15 ஆகும், அதைப் பார்த்து இவளுக்கு அறிவியல் வராது என்று நீங்களே முடிவுகட்டுவீர்கள்.

கூடுதல் நேரம் கொடுத்தால் யாருக்குத்தான் மதிப்பெண் கூடாது என்று கேட்டாராம் ஓர் ஆசிரியர். அப்படியானால் எல்லோருக்கும் கொடுங்களேன், எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று தெரியுமா என்பதுதான் கேள்வி என்றால், அதை இரண்டு மணி நேரத்தில் சொன்னால் என்ன, இரண்டரை மணி நேரத்தில் சொன்னால் என்ன.

இது சோம்பல் இல்லை, மந்தம் இல்லை என்பதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சிவப்புப் பட்டியலில் படிப்பிலும் பின்தங்கிய பிள்ளைகள் இருக்கலாம். 'என் பிள்ளை புத்திசாலி, அதனால் அவளுக்கு மட்டும் உதவுங்கள்' என்று நான் கேட்கவில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைகளில் புத்திக்கூர்மைச் சோதனையில் அதிகம் வாங்கியவர்களையும் குறைவாக வாங்கியவர்களையும் ஒப்பிட்டு 2011இல் மூளைப் படம் எடுத்தபோது, வாசிப்புக்கான இடங்களில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிரமம் ஒன்றுதான், உதவியும் ஒன்றுதான்.

உதவி என்ன என்பதும் ரகசியம் இல்லை. 1930களிலேயே சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் சேர்ந்து உருவாக்கிய முறையிலிருந்து கிளைத்தவைதான் இன்று பயன்படுபவற்றில் பல. ஒலியையும் எழுத்தையும் நேரடியாக, வரிசைப்படி, ஒன்று கைவந்தபிறகு அடுத்தது என்று சொல்லிக்கொடுப்பது. கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் எழுதி, மூன்றும் ஒரே நேரத்தில். என் மகள் எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் இப்படிப் படிக்கிறாள். போன மாதம் 'பட்டம்' என்பதில் 'ப'வை எடுத்து 'க' போட்டாள், 'கட்டம்' வந்தது, 'ச' போட்டாள், 'சட்டம்' வந்தது, நாங்கள் கேட்காமலேயே 'வட்டம்' என்றாள். 23 சொல் என்று உங்கள் சுவர் சொல்கிறதே, எட்டு மாதம் முன்னால் அது 9. அந்தப் பதினான்கு சொல்லுக்கு அட்டவணையில் இடம் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். சோதனை முடிந்ததும் அந்தச் சிறப்புக் கல்வியாளர் என்னிடம், "நீங்கள் பள்ளியில் எப்படி வாசித்தீர்கள்?" என்று கேட்டார். இது குடும்பத்தில் தொடர்வது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர நிறைய வாய்ப்பு உண்டு. எனக்கு 44 வயது. மோட்டார் பழுது பார்க்கிறேன், இயந்திரத்தைப் பிரித்தால் எது எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஒரு பக்கம் வாசிக்க எனக்கு அரைமணி ஆகும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மக்கு என்று சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன், முப்பது வருஷம் நம்பினேன். இந்த மடலைக்கூட நான் வாயால் சொல்லச் சொல்லக் கைபேசி எழுதிக்கொண்டது. மேலே சொன்ன ஆய்வுகளை எனக்கு வாசித்துச் சொன்னது என் மனைவி, எழுத்துப்பிழை பார்த்ததும் அவள்தான். கோபம் மட்டும் என்னுடையது.

நான் கேட்பவை இவை. அந்த அட்டவணையை எல்லா வகுப்பிலிருந்தும் இந்த வாரமே கழற்றுங்கள். சோதனை வேண்டுமென்றால் வையுங்கள், முடிவு ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் மட்டும் இருக்கட்டும், ஒரு பிள்ளையின் எண்ணை அதே பிள்ளையின் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பத்து தடவை எழுதும் தண்டனையை நிறுத்துங்கள், அந்த நேரத்தில் அந்த ஐந்து பேருக்கும் எழுத்தும் ஒலியும் முறையாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை உட்காரவையுங்கள். இதற்குப் பயிற்சி பெற்றவர் இல்லையென்றால் ஒருவரையாவது பயிற்சிக்கு அனுப்புங்கள். கூடுதல் நேரத்தைத் திரும்பக் கொடுங்கள், தேவைப்படும் பிள்ளைக்குக் கேள்வியை வாசித்துக்காட்டவும் ஓர் ஆளை வையுங்கள். மொழிப் பாடம் தவிர மற்ற பாடங்களில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். முன்கூட்டியே சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் எழுந்து சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், முதல் நாளே பத்தியைக் கொடுத்துவிட்டால் போதும், அவளே தயார் செய்துகொண்டு வருவாள். முதல் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒலி பிரிக்கும் சோதனை வையுங்கள், பத்து நிமிட வேலை, ஐந்தாம் வகுப்புவரை காத்திருக்காதீர்கள். அப்புறம், என் மகளின் அறிக்கையை அவளுக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவை வாசிக்கவேண்டும். ஆறு பக்கம்தான்.

அரையாண்டுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பதில் வேண்டும். எழுத்தில் தந்தாலும் சரி, நேரில் கூப்பிட்டுச் சொன்னாலும் சரி, வருகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு அட்டவணையில் கடைசிப் பெயரின் அப்பா